சுற்றுப்பயணம் போகிற பேண்டுகள் ஊருக்கு ஊர் பாட்டு வரிசையை மாற்ற வேண்டுமா?

#1 · மூன்றாம்வரிசை

போன கோடையில் ஒரே பேண்டை ஒரே வாரத்தில் இரண்டு தடவை பார்த்தேன். கொலோனில் செவ்வாய்க்கிழமை, ஆம்ஸ்டர்டாமில் வெள்ளிக்கிழமை. பதினாறு வயதிலிருந்து நான் கேட்டுவரும் பேண்ட். பேர் சொல்லப் போவதில்லை, அவர்கள் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. கொலோனில் ஏழாவது பாட்டு முடிந்ததும் பாடகர் மைக்கை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி நின்றார். பிறகு தன் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆம்ஸ்டர்டாமிலும் ஏழாவது பாட்டு முடிந்தது. அதே நகர்வு, அதே தயக்கம், அதே அப்பா.

இருபத்திரண்டு பாட்டும் அதே வரிசை. கிட்டார்க்காரர் மேடையின் இடது மூலைக்கு ஓடிய இடம்கூட மாறவில்லை. வாசிப்பில் ஒரு பிசிறு கிடையாது. ஆனால் திரும்பி வரும் ரயிலில் ஒரு கேள்வி மனசில் உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை நான் பார்த்தது அன்றைக்கு நடந்த ஒன்றா, இல்லை தினமும் நடத்திக் காட்டுகிற ஒன்றா?

எதிர்ப்பக்கம் இருக்கிறவர்களையும் நமக்குத் தெரியும். கிரேட்ஃபுல் டெட் 1965-லிருந்து 1995 வரை சுமார் 2,300 கச்சேரி செய்தார்கள். அடுத்து என்ன பாட்டு என்பதைப் பெரும்பாலும் மேடையிலேயே முடிவு செய்தார்கள். பேர்ல் ஜாம் 2000-ஆம் ஆண்டு டூரின் இரவுகளைத் தனித்தனி ஆல்பமாக வெளியிட்டது, மொத்தம் 72. எல்லா இரவும் ஒன்று போல இருந்திருந்தால் அதை யார் வாங்கியிருப்பார்கள்?

முழுக்க மாற்றச் சொல்லவில்லை. இருபது பாட்டில் நாலைந்தாவது ஊருக்கு ஊர் மாற வேண்டும், அது எங்களுக்குத் தர வேண்டிய ஒன்று என்று நினைக்கிறேன். இங்கே மேடையில் ஏறுகிறவர்களும் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

#2 · லைட்போர்டு

மேடை விளக்கு வேலையில பதினோரு வருஷமா இருக்கேன். சென்னை, பெங்களூரு, துபாய். வெளியூர் டீம் வரும்போது உள்ளூர் ஆளா பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். உங்க வருத்தம் புரியுது. ஆனா இது சோம்பேறித்தனம்னு யாராவது நினைச்சா, மேடைக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன்.

ட்ரம்மர் காதுல தாளத்தை எண்ணிக் குடுக்கிற ஒரு க்ளிக் சத்தம் ஓடிட்டே இருக்கும். அந்த க்ளிக்கை அனுப்புற அதே கம்ப்யூட்டர் பாட்டு எந்த நொடியில இருக்குன்னு காட்டுற டைம்கோடுன்னு ஒண்ணை லைட் கன்சோலுக்கும் வீடியோ சர்வருக்கும் சேர்த்தே அனுப்பும். கோரஸ் தொடங்குற அந்த நொடியில வெள்ளை வெளிச்சம் கூட்டத்து மேல பாயுதே, அந்த நேரத்துல யாரும் பட்டன் தட்டுறதில்லை. மாசக்கணக்கா முன்னாடியே எழுதி வச்சது. ஒரே பாட்டுக்கு நூறு, நூத்தம்பது க்யூ, அதாவது விளக்கு மாறுறதுக்கான கட்டளை, நானே எழுதியிருக்கேன். டூர் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு பெரிய ஹாலை வாடகைக்குப் பிடிச்சு வாரக்கணக்குல இதே வேலைதான் நடக்கும். அந்த இருபத்திரண்டு பாட்டுக்கு வெளியில ஒரு பாட்டைப் பாடகர் திடீர்னு எடுத்தா, எங்க கையில அதுக்கு ஒண்ணுமே இருக்காது.

நெருப்பு வர்ற பாட்டு இன்னும் கண்டிப்பு. யார் எங்க நிக்கணும்னு தரையில டேப் ஒட்டியிருக்கும். நீங்க சொன்ன அந்த இடது மூலை ஓட்டம்கூட அப்படி ஒரு காரணத்துக்காக இருக்கலாம்.

தொண்டைன்னு ஒண்ணு இருக்கு. மேல்ஸ்தாயிப் பாட்டு மூணு அடுத்தடுத்து வந்தா ஒரு இரவு தாங்கும், வாரத்துக்கு நாலு ஷோன்னா தாங்காது. கிட்டார் சுருதி மாறுற பாட்டுகளை ஒண்ணா அடுக்கினாத்தான் நடுவுல கிட்டார் மாத்துற வேலை குறையும். நேரமும் கையில இல்லை. 2012 ஜூலையில லண்டன் ஹைட் பார்க்ல ராக் உலகத்துப் பெரிய தலைங்க ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் ஒரே மேடையில நிக்கும்போது நேரம் தாண்டிடுச்சுன்னு சவுண்டை அணைச்சாங்க. அவங்களுக்கே அப்படின்னா மத்தவங்க நிலைமை எப்படி இருக்கும்?

#3 · கடைசிபஸ்

2008 பிப்ரவரி 1. மும்பை. நான் அப்ப கோயம்புத்தூர்ல காலேஜ் மூணாவது வருஷம். அயர்ன் மெய்டன் வர்றாங்கன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து மெஸ் காசைச் சேர்த்து வச்சு, நாலு பேரா அன்ரிசர்வ்டு பெட்டியில ஏறிப் போனோங்க.

அந்த டூருக்கு அவங்க ஒரு போயிங் 757-ல பேண்டு, ஆளுங்க, 12 டன் சாமான் எல்லாத்தையும் ஏத்திட்டு ஊர் ஊராப் போனாங்க. விமானத்தை ஓட்டினதே பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன். அந்த உலகச் சுற்றோட முதல் கச்சேரியே மும்பைதான். எண்பதுகள்ல வந்த பாட்டுகளைத்தான் இந்தத் தடவை வாசிக்கப் போறாங்கன்னு மட்டும் தெரியும். என்னென்ன பாட்டுன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. மொத வரி மொத வரியா எங்களுக்குத்தான் தெரிஞ்சுது.

எங்க பக்கத்துல ஷில்லாங்ல இருந்து வந்த ஒருத்தர் நின்னார், நாப்பது வயசு இருக்கும். இருபத்தஞ்சு வருஷமாக் காத்திருக்கேன்னார். அவர் காத்திருந்த பாட்டு வந்தப்ப ஆடலை, கத்தலை, ரெண்டு கையையும் தலையில வச்சுட்டு அப்படியே நின்னார்.

இப்ப நீங்க சொல்லுங்க. ஊருக்கு ஊர் மாத்தறோம்னு அந்தப் பாட்டை அன்னைக்கு மட்டும் விட்டிருந்தா அவருக்கு என்ன பதில்? அடுத்த ஊருக்கு வாங்கன்னு சொல்ல முடியுமாங்க? கொலோனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ரயில்ல மூணு மணி நேரம். எங்களுக்கு அடுத்த ஊரே கிடையாது. மாத்தணும்னு கேக்கறது ரெண்டாவது தடவை பாக்கறவங்க. மொத தடவை பாக்கறவங்களுக்கு எல்லாமே புதுசுதானுங்க.

#4 · மூன்றாம்வரிசை

கடைசிபஸ், அந்த ஷில்லாங்காரரை நான் மறக்கப் போவதில்லை. அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒன்று இருக்கிறது. என்னென்ன பாட்டு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று சொன்னீர்களே, அதை எழுதும்போது உங்களுக்கே சிலிர்த்திருக்கும். அந்த ஒரு விஷயம் டூரின் இரண்டாவது ஊருக்கே கிடைக்காது. இன்றைக்கு முதல் கச்சேரி முடிவதற்குள் முழு வரிசையும் இணையத்தில் வந்துவிடுகிறது. எந்தப் பாட்டுக்குக் குடிக்க எதாவது வாங்கப் போகலாம் என்று வீட்டிலேயே திட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மும்பையில் உங்களுக்குக் கிடைத்ததை மற்ற ஊர்க்காரர்களுக்கும் கொஞ்சமாவது கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

#5 · மேப்பிள்நிழல்

நான் டொரொண்டோவில இருக்கிறன். 2017-ல நியூயோர்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில ஃபிஷ் எண்ட பேண்ட் 13 இரவு வாசிச்சவை. ஜூலை 21-ல இருந்து ஓகஸ்ட் 6 வரைக்கும். 13 இரவிலயும் ஒரு பாட்டுக்கூட திரும்ப வரேல்ல, மொத்தம் 237 பாட்டு. நான் ரெண்டு இரவுக்கு பஸ் எடுத்துப் போனனான். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு டோனட் வகை, வாசலில சனத்துக்குச் சும்மா குடுத்தவை, அண்டைய பாட்டுகளும் அந்த வகையோட ஏதோ ஒரு விதத்தில சம்பந்தப்பட்டு வரும். உள்ள போகேக்க கையில டோனட்டை வச்சுக்கொண்டு எல்லாரும் இண்டைக்கு என்ன வரும் எண்டுதான் கதைச்சவை. வயசானவை, பெடியள், எல்லாரும்.

ஒண்டை வடிவா விளங்கிக்கொள்ள வேணும். அப்பிடி மாத்தி மாத்தி வாசிச்சா பிழை வரும். நான் போன ரெண்டாவது இரவு ஒரு நீளமான பாட்டு நடுவில தடுமாறிச்சு. ஒராள் ஒரு பக்கம் போக மற்றாக்கள் வேற பக்கம். அரை நிமிசம் போல ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்ல. பிறகு கீபோர்ட்காரர் ஏதோ ஒரு கோர்ட்டைப் பிடிச்சார், எல்லாரும் அதில வந்து சேர்ந்தவை. சனம் எழும்பி நிண்டு கத்தினது அந்த இடத்துக்குத்தான். இந்தச் சனம் தடுமாற்றத்துக்கும் சேர்த்துத்தான் காசு குடுக்குது. அப்பிடியான சனம் இல்லாத பேண்டிட்டப் போய் ஒவ்வொரு நாளும் மாத்து எண்டு கேக்கிறது நியாயமோ தெரியேல்ல.

இதுக்கு வழி போட்டது கிரேட்ஃபுல் டெட்தான். தங்கட கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்யலாம் எண்டு விட்டவை. 1984 ஒக்டோபரில இருந்து டேப் எடுக்கிறாக்களுக்கு எண்டே தனி இடம் ஒதுக்கி டிக்கெட் வித்தவை. அந்த டேப்புகளைக் காசுக்கு விக்கக் கூடாது, ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கொள்ளலாம். இப்ப யோசிச்சுப் பாருங்கோ, எல்லா இரவும் ஒரே மாதிரி எண்டா ஒரு டேப் காணுமே! 1977 மே 8, கோர்னெல் பல்கலைக்கழகத்தில அவை வாசிச்ச இரவு எண்டு சொன்னா அந்தச் சனத்துக்கு நாள் நட்சத்திரம் மாதிரி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின்ர தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலயே அந்த இரவு இருக்குது.

#6 · பேஸ்விரல்

மதுரைப் பக்கம் ஆர்கெஸ்ட்ராவுல பேஸ் வாசிக்கிறேன், பத்தொன்பது வருஷம். பங்குனி, சித்திரையில ராத்திரி ராத்திரி ஊர். நீங்க பேசுற பேண்டுகளுக்கும் நமக்கும் காசுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், ஆனா பிரச்சினை ஒண்ணுதான்ணே.

சீசன் ஆரம்பத்துல லீடர் ஒரு வரிசை போடுவார். சாமி பாட்டு ரெண்டு, அப்புறம் பழசு, அப்புறம் டூயட்டு, பன்னெண்டு மணிக்கு மேல குத்து. ஆறாவது நாள்ல விரல் தானா ஓடும். பதினஞ்சாவது நாள் நான் வாசிச்சுக்கிட்டே ஊர்ல குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் எப்படிக் கட்டுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். தப்பு ஒண்ணும் வரலை. ஆனா அன்னைக்கு நான் வாசிச்சேன்னு சொல்ல மாட்டேன்.

அப்ப கூட்டத்துல இருந்து ஒரு சீட்டு வரும். இன்ன பாட்டு பாடுங்க, எங்க அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு, போன மாசம் தவறிட்டார்னு எழுதியிருக்கும். லீடர் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பாட்டை நாலு வருஷமாத் தொட்டிருக்க மாட்டோம். கீபோர்டு தம்பி சுருதியை விரல்ல காட்டுவான். அந்த அஞ்சு நிமிஷம் எட்டுப் பேரும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துத்தான் வாசிப்போம். சீட்டுக் குடுத்தவங்களுக்கு அது எப்படிக் கேட்டுச்சோ தெரியாது. அதுக்கு அடுத்து வாசிக்கிற வழக்கமான பாட்டு இருக்கே, அது நல்லா இருக்கும். எப்பவும். நான் கவனிச்சிருக்கேன்.

மூன்றாம்வரிசை அண்ணன் இதை ரசிகருக்குத் தர வேண்டியதுங்கிறார். எனக்கு அப்படித் தோணலை. மாத்துறது முதல்ல வாசிக்கிறவனுக்குத்தான் வேணும்.

#7 · காந்தள்

சிங்கப்பூரில் 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு பாடியபோது ஓர் இரவு நானும் என் மகளும் போயிருந்தோம். மூன்று மணி நேரத்துக்கு மேல். உடை, நடனம், திரை எல்லாம் நொடிக் கணக்கில் கட்டப்பட்டது. அந்த டூர் 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரை 149 கச்சேரி, உடல் வலு இருக்கிற எந்த மனுஷியும் அதைக் கட்டிப் போடாமல் நடத்த முடியாது.

ஆனால் கடைசிக்குச் சற்று முன்னால் எல்லோரும் போய்விடுவார்கள். நடனக்காரர்கள் இல்லை, பேண்ட் இல்லை. அவர் தனியாக நின்று கிட்டாரில் ஒன்று, பியானோவில் ஒன்று பாடுவார். அந்த இரண்டும் ஒவ்வோர் இரவும் வேறு. என் மகள் வீட்டில் ஒரு நோட்டில் இதுவரை எந்தெந்த ஊரில் எது வந்தது, எது மிச்சம் என்று எழுதி வைத்திருந்தாள், கணக்குப் பாடத்துக்கு அவ்வளவு அக்கறை காட்டியதில்லை. அவர் கிட்டாரைத் தொட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வேண்டிக்கொண்ட பாட்டு வரவில்லை. அதற்கு அவள் அழவும் இல்லை. "இது நம்ம இரவுக்குன்னே வந்த பாட்டும்மா" என்றாள்.

லைட்போர்டு சார் சொன்ன எல்லாக் கஷ்டமும் அந்த மேடையிலும் உண்டு. ஆனாலும் மூன்று மணி நேரத்தில் பத்து நிமிஷத்தைத் திறந்து வைக்க இடம் இருந்தது.

#8 · நெடுஞ்சாலை

இதுவரைக்கும் எல்லாரும் நிலையான வரிசையை ஒரு வசதிக்குறைவு மாதிரியே பேசுகிறோம். அதுவே தேவையாக இருக்கிற இடமும் உண்டு. ஸ்ப்ரிங்ஸ்டீனை எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையை உடைப்பதில் அவரைவிடப் பெரிய ஆள் யார்? 2008, 2009-ல் கூட்டத்திலிருந்து அட்டைகளை வாங்கி மேடையில் பரப்பி, எழுதியிருந்த பாட்டை அங்கேயே வாசித்தவர். பேஸ்விரல் சொல்கிற அதே சீட்டுதான். 2012-ல் ஹெல்சிங்கியில் நாலு மணி நேரத்தைத் தாண்டி வாசித்தார்.

அதே மனுஷர் ஆறு வருஷ இடைவெளிக்குப் பிறகு 2023 பிப்ரவரியில் முழு பேண்டோடு வந்தபோது வரிசை கிட்டத்தட்ட அசையவே இல்லை. ரசிகர்கள் பலருக்கு மனசு உடைந்தது. நான் முதலில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். பிறகு ஒரு முழுப் பதிவைக் கேட்டேன். நடுவில் அவர் தன் முதல் பேண்டைப் பற்றிப் பேசுகிறார். பள்ளிக்கூடப் பையன்களாகச் சேர்ந்த குழு. அதில் அவரைச் சேர்த்துவிட்ட ஜார்ஜ் தைஸ் 2018-ல் இறந்துபோனார், அந்தக் குழுவில் மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான். அதைச் சொல்லிவிட்டுத் தனியாக ஒரு பாட்டு. பிறகு வருகிற ஒவ்வொரு பாட்டும் அந்தச் சாவுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்கிறது. கடைசியில் பேண்ட் எல்லாம் போன பிறகு தனியாக வந்து பிரிவுப் பாட்டு ஒன்று. இருபத்தைந்து வயதில் எழுதிய துள்ளல் பாட்டுகூட அந்த இடத்தில் வேறு அர்த்தம் கொள்கிறது.

இந்த வரிசையில் நாலு பாட்டைப் பிடுங்கி வேறு நாலு நட்டால் என்ன ஆகும்? ஒரு கதையில் நடுவில் நாலு பக்கத்தை மாற்றுவது மாதிரி.

#9 · மூன்றாம்வரிசை

நெடுஞ்சாலை, அந்த டூர் சமயத்தில்தான் நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்த அவருடைய ரசிகர் பத்திரிகை பேக்ஸ்ட்ரீட்ஸை மூடினார்கள். ரசிகர்கள் அவ்வளவு விலகிப் போயிருந்தார்கள்.

#10 · மேப்பிள்நிழல்

அது பாட்டு வரிசைக்காக மூடினதில்லை, தம்பி. டிக்கெட் விலையால வந்த மனக்கசப்பு. ரெண்டையும் ஒண்டாக்க வேண்டாம்.

#11 · மூன்றாம்வரிசை

சரிதான் அண்ணா, என் பிழை. திருத்திக்கொள்கிறேன்.

#12 · மார்கழிநாற்காலி

எனக்கு இந்த பேண்டுகளில் பாதிப் பெயர் பேரன் வழியாகத் தெரியும். கர்நாடகக் கச்சேரி கேட்டு ஐம்பது வருஷம் ஆகிறது, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

நெடுஞ்சாலை சொன்ன கதை, மேப்பிள்நிழல் சொன்ன புதுமை, இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறீர்கள். எங்கள் மேடையில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிடித்துக் கொடுத்த ஒரு கட்டு இருக்கிறது. முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பாகச் சில கிருதிகள், நடுவில் ஒன்றை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டு, மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனியாவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள், மங்களம். அந்தக் கட்டு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அதற்குள் எந்த ராகம், எந்தக் கிருதி என்பது பெரும்பாலும் பாடுகிறவருக்கு மட்டும் தெரியும். பக்கவாத்தியக்காரரே பல நேரம் மேடையில்தான் தெரிந்துகொள்கிறார். ஒரு டிசம்பரில் ஒரே வித்வான் ஆறேழு சபாவில் பாடுவார். போன வாரம் அங்கே எடுத்த பிரதான ராகத்தை இந்த வாரம் இங்கே எடுத்தால் முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் மாமிகளுக்குத் தெரிந்துவிடும். அவருக்கும் அது தெரியும்.

ஒரு சமயம் மழை நாளில் நாற்பது பேர்கூட இல்லாத ஹாலில் ஒரு பெரியவர் தோடி ராகத்தை எடுத்தார். பிரதானமாக வேறொன்று பாடத்தான் அவர் வந்திருந்தார் என்று வயலின்காரர் பிறகு சொன்னார். மழைச் சத்தம் கேட்டபோது மனசு மாறியதாம். முப்பது வருஷம் ஆகிறது.

கட்டு கெட்டியாக இருந்தால்தான் உள்ளே இவ்வளவு மாற்ற முடிகிறது என்று எனக்குத் தோன்றும். உங்கள் பேண்டுகளுக்கு அது பொருந்துமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

#13 · லைட்போர்டு

மாமா, பொருந்தும். நான் முதல் பதிவுல எழுதினதுல ஒண்ணை விட்டுட்டேன், அதைச் சொல்லியே ஆகணும்.

லாஸ் வேகஸ்ல ஸ்ஃபியர்னு ஒரு அரங்கம். உள்ளே சுமார் 1,60,000 சதுர அடிக்கு வளைஞ்ச திரை. 2023 செப்டம்பர்ல யூ2 திறந்து வச்சு 40 கச்சேரி வாசிச்சாங்க. அவ்வளவு பெரிய திரைக்குப் படம் தயாரிக்கணும்னா வரிசையைப் பூட்டித்தானே ஆகணும்னு தொழில்ல இருக்கிற எல்லாரும் சொன்னோம். அவங்களும் பெரும்பாலும் பூட்டித்தான் வச்சாங்க, நடுவுல சில பாட்டு மட்டும் இரவுக்கு இரவு மாறுச்சு. அப்புறம் 2024 ஏப்ரல்ல அதே திரைக்கு ஃபிஷ் வந்தாங்க. நாலு இரவு, ஒரு பாட்டு திரும்பலை. படங்களைப் பாட்டு போற போக்குல அங்கேயே இயக்குற மாதிரி அமைச்சிருந்தாங்க. அதைப் பார்த்தப்ப நான் இவ்வளவு நாள் முடியாதுன்னு சொன்னதுல பாதி, நாங்க அப்படி வேலை செய்யப் பழகலைங்கிறதுதான்னு புரிஞ்சுது.

எங்க தொழில்ல பஸ்கிங்னு சொல்வோம். க்யூ எழுதாம, பாட்டைக் காதால கேட்டுக் கையால விளக்கு ஓட்டுறது. எல்லா கன்சோல்லயும் அதுக்கு ஒரு பக்கம் அமைச்சு வைப்போம், திருவிழா மேடைகள்ல அதுதான் சோறு போடுது. ஒரு பெரிய டூர்ல ரெண்டு பாட்டுக்கு அதை விடச் சொன்னா, விளக்குக்காரன் எவனும் மறுக்க மாட்டான். சந்தோஷமா செய்வான். அந்த ரெண்டு பாட்டுலதான் அவனும் அன்னைக்கு அங்க இருப்பான். நெருப்பு மட்டும் விதிவிலக்கு, அதுல நான் மாற மாட்டேன்.

#14 · கரகரப்பு

பட்டியலையே எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. 1972 ஆகஸ்டில் டீப் பர்ப்பிள் ஜப்பானில் மூன்று இரவு வாசித்தார்கள், ஒசாகாவில் இரண்டு, டோக்கியோவில் ஒன்று. மெயின் செட் மூன்று இரவும் அதே பாட்டுகள்தான். பிறகு மூன்று இரவுகளின் பதிவும் வெளிவந்தது. அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதே பாட்டு ஓர் இரவில் கோபமாக இருக்கிறது, மறு இரவில் விளையாட்டாக இருக்கிறது. ஆர்கனும் கிட்டாரும் ஒன்றையொன்று சீண்டுகிற இடங்கள் ஒவ்வொன்றும் வேறு. கொலோனில் மூன்றாம்வரிசைக்கு நடந்தது வரிசையால் வந்தது இல்லை என்று நினைக்கிறேன். வரிசை மாறியிருந்தாலும் அந்த அப்பா கதை அதே தயக்கத்தோடு வந்திருந்தால் அவருக்கு வலித்திருக்கும்.

பாடகர் பாப் டிலனையும் பாருங்கள். 1988-லிருந்து வருஷா வருஷம் ஓயாமல் சுற்றினார், வரிசை தினமும் மாறும், கூட வாசிப்பவர்கள் எதற்கும் தயாராக நிற்பார்கள். பின்னாளில் வரிசை பெரும்பாலும் நிலைத்துவிட்டது. 2021-ல் தொடங்கிய டூரில் கைபேசிகளைப் பையில் போட்டுப் பூட்டச் சொல்லி, ஏறக்குறைய அதே பட்டியலைப் பாடினார். ஆனால் பாட்டின் மெட்டு, வேகம், வரியை இழுக்கும் விதம் எல்லாம் அவர் கையில் தினமும் உருகிக்கொண்டே இருக்கும். என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கவே இரண்டு வரி ஆகும்.

அதனால் என் வாக்கு இப்படி: வரிசையை மாற்ற முடிந்தவர்கள் மாற்றட்டும். முடியாதவர்கள் வாசிப்பை மாற்றட்டும். இரண்டையும் க்ளிக்கில் கட்டிப்போட்டால் மட்டும்தான் எனக்கு வழக்கு.

#15 · கடைசிபஸ்

நான் 2009-ல பெங்களூருக்கும் போனேங்க, அதே பேண்டு, அதே டூரோட கடைசிப் பகுதி. மொத பதிவுல இதைச் சொல்லாம விட்டது சரியில்லை. ஒரு வருசத்துல சில பாட்டை எடுத்துட்டு வேற பாட்டு சேர்த்திருந்தாங்க. ஷில்லாங் அண்ணன் காத்திருந்த பாட்டு அப்படியே இருந்துச்சு. புதுசா வந்ததுல ஒண்ணு அவங்க முதல் ஆல்பத்துப் பாட்டு, அதை நேர்ல கேப்பேன்னு நான் கனவுலயும் நினைச்சதில்லைங்க. அன்னைக்குத் தலையில கை வச்சு நின்னது நான்.

அதனால எல்லாத்தையும் மாத்தாதீங்கன்னு சொல்றதுல நான் உறுதி. ஒண்ணும் மாத்தாதீங்கன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

#16 · மூன்றாம்வரிசை

கரகரப்பு சொன்னதை நாலு நாளாக யோசித்தேன். உண்மைதான், எனக்கு வலித்தது அந்தத் தயக்கம். ஆனால் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. அடுத்து என்ன என்று நிச்சயமாகத் தெரிந்த மனுஷனுக்குத் தயக்கத்தை நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. எட்டாவது பாட்டு என்னவென்று பாடகருக்கே தெரியாமல் இருந்திருந்தால் அவர் நிஜமாகவே நின்றிருப்பார்.

ரசிகருக்குத் தர வேண்டியது என்று எழுதியதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். பேஸ்விரல் சொன்னதுதான் சரி. ஒருவேளை அந்த வெள்ளிக்கிழமை அவர்களும் மேடையில் ஸ்கூல் ஃபீஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பேஸ்விரல், உங்கள் சீசன் எப்போது தொடங்குகிறது?

#17 · பேஸ்விரல்

தொடங்கிருச்சுண்ணே, போன வாரம். இந்த இழையை லீடர்கிட்ட போன்ல வாசிச்சுக் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. ஆனா நேத்து மேலூர் பக்கம் ஒரு அம்மன் கோயில்ல மேடை ஏறுறதுக்கு முன்னாடி வரிசைத் தாளைக் குடுத்தார், அதுல ரெண்டு இடத்துல வெறும் கோடு போட்டிருந்தது. ஒன்பதாவதும் பதினாலாவதும்.

ஒன்பதாவது வந்ததும் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் ட்ரம்ஸ் தம்பியைப் பார்த்து "நீ சொல்றா" அப்படின்னுட்டார். இருபத்தோரு வயசுப் பையன், சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் எந்தப் பாட்டு வேணும்னு யாரும் அவன்கிட்ட கேட்டதில்லை. அவன் கேட்டது எழுபதுகள்ல வந்த ஒரு மெதுவான பாட்டு. அதுல ட்ரம்ஸுக்கு வேலையே கிடையாது, பிரஷ் வச்சுத் தடவுறதுதான். எங்க ஆத்தா பாடும்னான்.

பதினாலாவதுக்குச் சீட்டு வந்துச்சு. அந்தப் பாட்டை நாங்க யாருமே வாசிச்சதில்லை. லீடர் மைக்ல உண்மையைச் சொல்லிட்டு, பல்லவி மட்டும் பாடுறோம், தெரிஞ்சவங்க கூடப் பாடுங்கன்னார். பெண்கள் பக்கத்துல இருந்து முழுப் பாட்டும் வந்துச்சு. சரணத்துக்கு நான் அவங்களைக் கேட்டுத்தான் வாசிச்சேன். ரெண்டு இடத்துல தப்பு.

நாளைக்கு சிவகங்கைப் பக்கம். தாள் இன்னும் கைக்கு வரலை.